மூலம் மாறும் நூலுக்கு உரை

நூல் ஒன்று உளதாயின் அதற்கு உரையும் வேண்டப்படும் என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததொன்று. சூத்திரம் சுருங்கச் சொல்லி நிற்கும். அதனை விரித்துக் காட்டுவார் இல்லையேல் மாணாக்கன் வாயிலிலேயே நின்றுவிடுவான். உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகையாக வகுத்துக் காட்டினார் நன்னூலார். கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவிடையும் கொண்டு நூற்பொருளைத் தெளிவிப்பது காண்டிகை. அவற்றோடு அமையாது, அவ்விடத்துக்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து ஐயமற விரித்துரைப்பது விருத்தி. விழா மலரிலுமா இலக்கணம் என்று பழைய மாணவர் சிலர் பக்கத்தைப் புரட்ட முற்படுதல் கூடும். சற்றே பொறுத்தருள்க. யான் சொல்லப் புகுந்தது கணினியைப் பற்றியது; ஆயினும் தமிழாசிரியன் ஒருவன் தான் அறிந்த வாயிலினூடாகத்தானே புதுமனைக்குள் நுழைதல் இயலும்?

கணினியைத் தொழிற்படுத்தும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கின்றோம். அதனை ஆக்கியோர் தாம் எழுதிய மூலநிரலை மறைத்து வைத்து, பயன்பாட்டை மட்டும் விலைக்கு விற்பது ஒரு வழி. யாவரும் அம்மூலத்தைப் பார்க்கவும் படியெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடுவது மற்றொரு வழி. பின்னையதையே திறந்த மூல மென்பொருள் என்பர். லினக்ஸ், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், பைத்தன், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஆகியன இவ்வகையின. மூலம் என்னுஞ் சொல் இங்கு வந்தமைந்த பொருத்தம் எண்ணுந்தோறும் எனக்கு உவகை தருவது. மூலமும் உரையும் என்று நம் நூல்களின் முகப்பிலே அச்சிட்டு வந்தோமே, அதே மூலந்தான்.

மூலம் உளதெனின் உரையும் உண்டு. மென்பொருளை எவ்வாறு நிறுவுவது, இன்ன கட்டளை இட்டால் என்ன நிகழும், பிழை நேர்ந்தால் எங்கே பார்ப்பது என்பவற்றைச் சொல்லும் பக்கங்களும் கைந்நூல்களுமே அவ்வுரை. ஆவணம் என்று சிலர் அதற்குப் பெயரிடுகின்றனர். அச்சொல் எனக்கு அத்துணை உவப்பன்று. காணியுறுதியும் ஓர் ஆவணமே. அது எழுதிக் கையொப்பமிட்ட நாள்தொட்டு மாறாது கிடப்பதே அதன் பெருமை. மென்பொருளின் உரையோ மாறாது கிடப்பின் கெட்டுவிடும். ஆதலின் விளக்கவுரை என்றே இங்கு வழங்குவேன்.

நன்னூலுக்கு வாய்த்த உரைவரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த அந்நூலுக்கு முதலில் மயிலைநாதர் உரைகண்டார். பின்னாளில் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர் அவ்விருத்தியுரையை எடுத்து, வேண்டாதன களைந்து, வேண்டுவன சேர்த்துத் திருத்தினார். புத்தம்புத்துரை என்று அது பெயர் பெற்றது. நம் நாட்டு ஆறுமுக நாவலரோ மாணாக்கர் எளிதிற் கற்கும்பொருட்டு அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தளித்தார். இவருள் சிவஞான முனிவர் செயலே இக்கட்டுரைக்கு நெருக்கமானது. பிறர் செய்த உரையை ஒதுக்கிவிட்டுத் தமக்கென ஓர் உரை செய்யும் ஆற்றல் அவருக்கு இல்லாமற் போகவில்லை. எனினும் இருந்த உரைக்குள்ளேயே புகுந்து அதனைச் செம்மை செய்தார். திறந்த மூல மென்பொருளின் விளக்கவுரையைப் பேணுவோர் இன்று செய்யுந் தொழிலும் அதுவே.

ஆயின் ஒரு வேறுபாடு உளது, அஃது எளிதன்று. இத்தனை உரைகள் தோன்றிய காலமெல்லாம் நன்னூற் சூத்திரங்கள் இருந்தவாறே இருந்தன. மென்பொருளில் மூலமே மாறுகின்றது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை 2004ஆம் ஆண்டு தொடக்கம் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, ஏப்பிரலிலும் ஒக்டோபரிலுமாகப் புதுப்பதிப்புக் காண்கின்றது. பைத்தன் நிரல்மொழி 2019 முதல் ஆண்டுதோறும் ஒக்டோபரிற் புதிய பதிப்பை வெளியிட்டு வருகின்றது. நன்னூற் சூத்திரங்கள் ஆறு திங்களுக்கு ஒருமுறை மாறுமாயின் சங்கரநமச்சிவாயர் என் செய்திருப்பார்? ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு வேறு தொழில் பார்த்திருப்பார் என்றே நினைக்கின்றேன்.

இதனால் விளையும் தீங்கு யாது என்பதை யான் நூலிற் படித்து அறியவில்லை, கண்ணாற் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரத்துப் பாடசாலை ஒன்றிலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தானாகவே பைத்தன் கற்க விரும்பினான். தந்தையார் கடற்றொழிலாளர். வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார் எவருமில்லை. தமிழில் எழுதப்பட்ட பாடம் ஒன்றை இணையத்தில் தேடிக் கண்டான். வணக்கம் என்னுஞ் சொல்லைத் திரையில் தோன்றச் செய்வதே அதிலுள்ள முதற் பயிற்சி. பிரின்ட் என்னுங் கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, மேற்கோட் குறிகளுக்குள் வணக்கம் என எழுதுக என்றது பாடம். அவ்வாறே எழுதினான். பிழை என்றது கணினி. மீண்டும் எழுதினான், மீண்டும் பிழை. இரண்டு மாலைப்பொழுது இவ்வாறு கழிந்தது. மூன்றாம் நாள், எழுத்துப்பிழை ஏதும் உளதோ பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வந்தான். யானும் அவனுமாக வணக்கத்தில் ஒற்று மிகுந்ததோ குறைந்ததோ என்று ஆராய்ந்த காட்சியை நினைத்து நகைப்பீர்கள். நகைக்க வேண்டியதே. கணினி கற்பிக்கும் ஆசிரியர் அவ்வழி வந்தார். மேற்கோட் குறிகளுக்கு வெளியே அடைப்புக்குறி இரண்டு இட்டார். வணக்கம் தோன்றிற்று.

நிகழ்ந்தது இதுதான். பைத்தனின் இரண்டாம் பதிப்பு வரிசையில் அக்கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. 2008 டிசெம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு அதனை இன்றியமையாததாக்கிற்று. இரு வரிசைகளும் பதினோராண்டு அருகருகே வழங்கின. 2020 ஜனவரி 1ஆந் திகதியோடு இரண்டாம் பதிப்பைப் பேணும் பணி நிறுத்தப்பட்டது. மாணவன் முன்னிருந்த கணினியில் மூன்றாம் பதிப்பு. அவன் கையிலிருந்த பாடத்தில் இரண்டாம் பதிப்பு. பாடத்தை எழுதியவர் தவறு எழுதினாரல்லர். எழுதிய நாளில் அஃது உண்மையே. ஓரெழுத்தும் மாறாமலே அது பொய்யாயிற்று. நாளும் பதிப்பெண்ணும் அப்பாடத்தில் எங்கும் குறிக்கப்படாமையால், உண்மையாயிருந்த காலம் எதுவென்று அறியும் வழியும் மாணவனுக்கு இல்லை.

அதே பாடத்தில் வேறொரு செய்தியும் இருந்தது. தமிழெழுத்து இடம்பெறும் நிரற்கோப்பின் தலைப்பிலே, எழுத்துக் குறியேற்றம் இன்னதென்று அறிவிக்கும் வரியொன்றைத் தவறாது எழுதவேண்டும் என்பது அது. இரண்டாம் பதிப்புக்கு இது மெய். எழுதாவிடில் நிரல் ஓடாது. மூன்றாம் பதிப்போ யூனிக்கோட் எழுத்துகளைத் தன் இயல்பிலேயே ஏற்றுக்கொள்வது. பொதுவாக அவ்வரி வேண்டுவதின்று. எழுதினும் கேடில்லை, எழுதாவிடினும் கேடில்லை. ஆகவே பழைய உரை இருவகையாற் கெடுகின்றது. ஒன்று வழுவாவது, மற்றொன்று வீணாவது. வழுவாகியது எவரையேனும் இடறிவிழச் செய்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வீணாகியது எவரையும் இடறாது. ஆதலின் அதுவே நெடுநாள் வாழும். மாணாக்கர் காரணம் அறியாமலே அவ்வரியை நிரல்தோறும் எழுதி வருவதை இன்றும் காண்கின்றேன்.

ஆங்கிலத்தில் நல்ல விளக்கவுரை இருக்கத் தமிழில் எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்க்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். வணக்கம் என்னுஞ் சொல்லில் எழுத்து எத்தனை? ஐந்து என்பான் கீழ்வகுப்பு மாணவனும். பைத்தன் மூன்றாம் பதிப்பைக் கேட்டால் ஏழு என்னும். க், ம் என்பவற்றின் புள்ளிகளைத் தனித்தனியே எண்ணுதலின். இரண்டாம் பதிப்பைச் சாதாரணமாகக் கேட்டால் இருபத்தொன்று என்னும். ஒவ்வொரு குறியையும் கணினி மூன்று எண்மிகளாற் சேமிப்பதால். ஓபன் தமிழ் என்னும் திறந்த மூலத் தொகுதி நம் மரபுப்படி ஐந்தென எண்ணித் தரும். தமிழ் மாணாக்கனுக்கு முதற்கிழமையிலேயே வேண்டப்படும் இச்செய்தியை ஆங்கிலப் பயிற்சிநூல் தன் முதற்பாடத்தில் ஏன் சொல்லப்போகின்றது? மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. இங்கு விருத்தியும் வேண்டும்.

அம்மாணவன் அன்று சொன்ன சொல்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "தமிழில இருக்கிறத நம்பினா இப்படித்தான், சேர்" என்றான். கோபத்தோடு சொல்லவில்லை, கற்றுக்கொண்ட ஒரு பாடம் போலச் சொன்னான். பாடம் பழையதென்பது அவனுக்குத் தெரியாது. தமிழில் இருந்தமையே குற்றமென்று கொண்டான். உரை இல்லாதிருப்பின் அவன் ஆசிரியரைக் கேட்டிருப்பான். ஆங்கிலத்தோடு முட்டியேனும் பார்த்திருப்பான். உயிருள்ளது போலத் தோன்றிய உயிரற்ற உரை அவனுடைய இரண்டு மாலைப்பொழுதையும், அவற்றினும் பெரிதாக, தன் மொழிமீது அவன் வைத்திருந்த நம்பிக்கையையும் கொண்டு போயிற்று.

பெயரறியாத அப்பாடக்காரரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. அதே குற்றம் என்னிடத்தும் உண்டு. 2012ஆம் ஆண்டளவில், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விரும்பிய மாணவர்க்காக, அதில் தமிழெழுத்தை உள்ளிடும் முறையை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கூடச் சுவரில் ஒட்டினேன். 2003இல் தொடங்கி, நம்மவரான இ. மயூரநாதனின் உழைப்பால் வேரூன்றிய கலைக்களஞ்சியம் அது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டது. அந்நாளில் அங்கு நாராயம் என்னும் உள்ளீட்டுக் கருவி இருந்தது. மலையாளத்தில் எழுத்தாணியைக் குறிக்கும் பெயர் அது. நம் நாராசத்தின் உறவு. பக்கத்தின் தலைப்பிலே அதற்குரிய பட்டியைக் காணலாம். அங்கே சொடுக்கி விசைப்பலகையைத் தெரிவு செய்க என்று எழுதியிருந்தேன். அழகிய எழுத்தில், அம்புக்குறி இட்டு.

2013ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாராயம் நீக்கப்பட்டு, அனைத்து மொழிகளுக்கும் பொதுவான வேறொரு தெரிவுக் கருவி அவ்விடத்துக்கு வந்தது. அதிலே தலைப்பில் தேடினால் ஒன்றும் இராது. எழுதும் பெட்டிக்குள் சுட்டியை வைத்தால், அதன் அருகே சிறிய விசைப்பலகைச் சின்னம் ஒன்று தோன்றும். என் தாளோ ஐந்தாறு ஆண்டு சுவரிலேயே இருந்தது. யான் நாள்தோறும் அதனைக் கடந்து சென்றேன். ஒரு நாளேனும் படித்தேனில்லை. தான் எழுதியதைத் தான் படிப்பவன் யார்? ஒருநாள் அதனைக் கழற்றப் போனபோது ஓரத்தில் பென்சிலால் சின்னஞ்சிறு எழுத்தில் ஏதோ இருக்கக் கண்டேன். "இது இப்ப இல்ல. பெட்டிக்குள்ள கிளிக் பண்ணவும்." கீழே வேறொரு கையெழுத்தில், "சரி, வேலை செய்யுது."

யார் எழுதினர் என்று இன்றுவரை அறியேன். எனக்குப் பின் அத்தாளை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவ்விருவருமே.

விளக்கவுரை பழுதடைவது அறியாமையாலன்று. பெரும்பாலும் ஊக்கத்தின் இயல்பினால். எழுதும்போது உள்ள ஊக்கம் காக்கும்போது இருப்பதில்லை. நம் நாட்டிலே பிறந்து உலகெங்கும் சென்ற ஒரு மென்பொருளின் கதை இதற்குச் சான்றாகும். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சார்ந்த தொண்டர்கள் சில கிழமைகளுக்குள் சகனா என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குபடுத்தும் கருவி அது. நிவாரணத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டத்துக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் அதன் மூலம் பி.எச்.பி. மொழியிலிருந்து பைத்தனுக்கு மாற்றி முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு ஈடன் எனப் பெயர் பெற்றது. பழைய மூலத்துக்கு எழுதிய தொழினுட்ப உரையெல்லாம் ஒருங்கே பயனிழக்க, உரையையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2011 ஒக்டோபரில் கலிபோர்னியாவிற் கூடிய தொண்டர்கள் ஒரு கிழமைக்குள் ஈடனுக்கு ஒரு நூலே எழுதி முடித்தனர். ஒரு கிழமையில் ஒரு நூல்! வியத்தற்குரியதே. ஆயினும் எழுதுதற்கு ஒரு கிழமை போதும் என்பதால் காத்தற்கும் ஒரு கிழமை போதுமென்று ஆகாது. ஒரு கிழமை கூடுவோர் பலர். ஐந்து ஆண்டு கழித்து ஒரு பத்தியைப் பார்த்துத் திருத்துவோர் சிலர். பேரிடரிற் பயன்படும் கருவிக்குப் பழைய உரை இருப்பின், அதன் விலை ஒரு மாணவனின் இரண்டு மாலைப்பொழுதோடு நில்லாது.

இக்குறையை வெல்ல மென்பொருளார் சில முறைகளைக் கைக்கொண்டுள்ளனர். அவற்றுட் சில நம் உரையாசிரியரும் மெச்சத்தக்கன.

நாளும் பதிப்பும் குறித்தல் முதலாவது. பைத்தனின் உரைப்பக்கங்கள் யாவும் எந்தப் பதிப்புக்குரியன என்பதைத் தலைப்பிலேயே காட்டுகின்றன. அன்றியும், இக்கட்டளை இன்ன பதிப்பிற் புகுந்தது, இன்ன பதிப்பில் மாறியது என்று உரிய இடத்திலேயே ஒரு வரி எழுதுவது அவர் வழக்கம். சூத்திரத்தோடு அதன் வரலாறும் சேர்ந்தே நிற்கின்றது. கடலை அறிந்த நம் ஊரவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கப்பலோட்டிகள் வைத்திருக்கும் கடற்படத்துக்குக் கிழமைதோறும் திருத்த அறிவித்தல்கள் வெளிவரும். மாலுமி அவற்றைப் படத்திற் குறித்து, எந்தத் திருத்தம் வரை செய்தாயிற்று என்பதைப் படத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில் எழுதி வைப்பான். மணல்மேடு இடம்பெயரும் களப்பு முகத்துவாரத்தைக் கண்டவர் அவ்வெண்ணின் பெறுமதியை அறிவர். தமிழிற் கணினி பற்றி எழுதுவோர் பலர் இச்சிறு செயலைக்கூடச் செய்யாதிருத்தல் எனக்கு வருத்தம் தருவது. 2012 ஜனவரியிற் தொடங்கிய கணியம் இதழ் இதற்கு நல்ல விலக்கு. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்குவதையே தொண்டாகக் கொண்ட அவ்விதழின் தொடக்க இதழ்கள் திங்களும் ஆண்டும் தாங்கி வந்தமையால், பழைய கட்டுரையைப் படிப்பவனும் அதன் வயதை அறிந்தே படிக்கின்றான்.

மொழிபெயர்ப்புக்கு வேறொரு முறை உண்டு. மீடியாவிக்கியின் உரைப்பக்கங்களில் மொழிபெயர்ப்புக்கெனக் குறிக்கப்பட்டவை சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆங்கில மூலத்தில் ஒரு பகுதி மாறினால், அதற்கு நேரான தமிழ்ப் பகுதி இளஞ்சிவப்புப் பின்னணி பெற்றுத் தான் பழையதென்று தானே அறிவிக்கும். மென்பொருளின் திரைச்சொற்களை மொழிபெயர்க்கப் பலரும் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் முறை இன்னும் கண்டிப்பானது. மூலவரி மாறியதும் அதன் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதெனக் குறிக்கப்படும், ஒருவர் பார்த்து உறுதிசெய்யும் வரை அது திரைக்கு வாராது, ஆங்கிலமே தோன்றும். தமிழ் மறைந்து ஆங்கிலம் நிற்பது கண்ணுக்கு உறுத்தலே. யானும் முன்பு இதனை வெறுத்தவன். பிரின்ட் கட்டளையோடு இரண்டு மாலை கழித்த மாணவனைக் கண்டபின் மனம் மாறினேன்.

எடுத்துக்காட்டுகளைக் கணினியையே கொண்டு சோதிப்பித்தலும் உண்டு. உரையில் உள்ள எடுத்துக்காட்டு நிரலை ஓடவிட்டு, உரை சொல்லும் விடை வருகின்றதா என்று பார்க்கும் கருவி பைத்தனிலேயே அமைந்துள்ளது. அந்தப் பழைய பாடத்தை அதனிடம் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே பிடிபட்டிருக்கும். ஆனால் என் சுவர்த்தாளை எந்தக் கருவி சோதிக்கும்? மேலே பார், கீழே பார் என்னும் உரைக்கு மனிதக் கண்ணே வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நிற்பது திருத்தும் உரிமை. நிரலைத் திருத்தும் உரிமை இருந்தும் அதன் கைந்நூலைத் திருத்தும் உரிமை இல்லையேல், மூலம் மாறும்போது உரை பின்தங்குவது உறுதி என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் வாதிட்டார். அவர் நிறுவிய அறக்கட்டளை 2000ஆம் ஆண்டிற் கைந்நூல்களுக்கென்றே தனி உரிமம் ஒன்றை வெளியிட்டது. உரிமை கிடைத்துவிட்டது; அதனை எடுத்தாளுவோர்தாம் குறைவு. எல்லோரும் திருத்தலாம் என்ற இடத்தில் எவரோ திருத்துவர் என்று யாவரும் இருந்துவிடுகின்றனர். ஆதலால் ஓப்பன் பிஎஸ்டி என்னும் திட்டத்தார் கைந்நூற் பிழையையும் நிரற்பிழைக்கு ஒப்பாகவே கருதுவர். மூலத்தை மாற்றுபவனே உரையையும் அக்கணமே மாற்றக் கடவன் என்பது அவர் கொள்கை. இதனினும் சிறந்த விதியை யான் அறியேன். ஆயின் தமிழுக்கு இவ்விதி முழுதும் உதவாது. மூலத்தை மாற்றுபவர் எங்கோ இருப்பவர், தமிழ் அறியாதவர். நம் உரையை நாமே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இங்கு என் கருத்து ஒன்றைச் சொல்வேன், மறுப்பார் மறுக்க. தமிழில் நூறு பக்கம் எழுதிக் கைவிடுவதினும் பத்துப் பக்கம் எழுதி ஆண்டுதோறும் பார்ப்பது மேல். எதனை எழுதுவது என்பதிலும் தெரிவு வேண்டும். பட்டியின் இடமும் பொத்தானின் நிறமும் அடிக்கடி மாறுவன. அவற்றைத் தமிழில் விரித்தெழுதுதல் மணலில் எழுதுவது போலும். ஒரு கோப்பு என்றால் என்ன, எழுத்துக் குறியேற்றம் என்றால் என்ன, பிழைச்செய்தியை எவ்வாறு படிப்பது என்பன எளிதில் மாறாதன. முன்னையவற்றுக்குச் சிறு காண்டிகை போதும். பின்னையவற்றுக்கே விருத்தி தகும். பார்க்க ஆளில்லாத பக்கத்தை நீக்கிவிடுதல் அல்லது இது பழையதென்று தலைப்பில் எழுதிவிடுதல் நன்று. எழுதியவர் மனம் புண்படும் என்பர். ஏட்டுச்சுவடியானால் பழமையே அதன் மதிப்பு. ஓரெழுத்தையும் மாற்றாது படியெடுப்பதே அறம். வழிகாட்டியின் அறம் வேறு.

உடப்புக் கரையில் கரைவலை இழுத்து முடிந்தபின் வலையை மணலில் விரித்துக் கிழிந்த கண்ணிகளைத் தைப்பதைக் கண்டிருப்பீர்கள். அன்று இழுத்தவர்களே தைக்கின்றனர். எந்தக் கண்ணியால் மீன் போயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விளக்கவுரையிலும் ஓட்டை எங்குள்ளது என்பதை வல்லுநன் அறியான். அவன் அவ்வழியே போவதில்லை. புதிதாகக் கற்பவனே இடறுகின்றான், இடறிய இடமும் அவனுக்கே தெரியும். ஆனால் தன்மீதே பிழையைச் சுமத்திக்கொண்டு போய்விடுகின்றான். பக்கத்தின் மேலே தொகு என்றொரு சொல் இருப்பதும், அது தன்னை நோக்கியதே என்பதும் அவனுக்குத் தோன்றுவதில்லை.

இதனை மனங்கொண்டு தவணைக்கு ஒருமுறை மாணவர் நால்வரோடு அமர்ந்து வருகின்றேன். தமிழ் விக்கிப்பீடியாவின் உதவிப் பக்கங்களில் ஐந்தை எடுத்துக்கொள்வோம். ஒருவன் உரக்கப் படிப்பான். மற்றொருவன் படித்ததைப் படித்தவாறே கணினியிற் செய்வான். தன்னறிவைக் கலக்கக் கூடாது என்பது விதி. எங்கே கை நிற்கின்றதோ அங்கே மூன்றாமவன் குறிப்பான். நான்காமவன் திருத்தத்தை எழுதுவான். எழுதியதில் ஒற்றுப்பிழை இல்லாமற் பார்ப்பது மட்டும் என் வேலை. முதற்றவணையிலேயே நாம் செய்த திருத்தம் ஒன்றை வேறொரு பயனர் பழையபடி மாற்றிவிட்டார். மாணவர் மனம் வாடினர். ஆராய்ந்து பார்த்தால் தவறு நம்முடையதே: எம் மாணவன் கைப்பேசித் திரையைப் பார்த்து எழுதியிருந்தான், பக்கமோ மேசைக்கணினியைப் பற்றியது. இரண்டும் வேறென்று பக்கத்திற் சொல்லப்படவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். அது இன்றும் நிற்கின்றது.

கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் அப்பாலும் கணினித் தொழில் பார்க்கும் பழைய மாணவர் நம்மிடையே பலர் உளர். கட்டடமும் கணினியும் வாங்கித் தந்தோர்க்கு நன்றி சொல்லி முடியாது. அவர்களிடம் யான் வேண்டுவது பணமன்று. தாம் நாளும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் ஒரு தமிழ்ப் பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை தொடக்கம் முதல் இறுதிவரை படித்து, பொருந்தாததை எமக்கு எழுதுவாராயின், திருத்தும் பணியை மாணவர் ஏற்பர்.

கணினிக்கூடச் சுவரில் இப்பொழுது வேறொரு தாள் ஒட்டியுள்ளோம். அதன் தலைப்பில் திகதியும் பதிப்பெண்ணும் உள. ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருக்கின்றது. அருகே ஆணியில், நூலிற் கட்டி ஒரு பென்சில் தொங்குகின்றது. இந்த ஆண்டில் இது மூன்றாவது பென்சில்.